காற்று மூட்டிய உலைகளும் கணினி வலையும்

மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாவுக்கு அண்மையிலுள்ள அலகொலவெவவில் பண்டைய இரும்புருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அத்தகைய உலைகளுக்குள் காற்று எவ்வாறு பாய்ந்தது என்பதை ஆராய இரத்தினபுரி மாவட்டத்துச் சமனலவெவ வழிகாட்டுகின்றது. அங்கு பருவக்காற்றே துருத்தியாயிற்று என 1996இல் ஜில் ஜுலெஃப் வெளிப்படுத்தினார். (9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி சரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டதும் நினைவுகூரத்தக்கது.)

2005இல் எக்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் அவ்வுலையின் காற்றோட்டத்தைக் கணினியில் மீளமைத்து வெளியிட்டனர். இதற்கு உலைவெளி முழுவதும் நுண்ணிய கண்கள் கொண்ட வலையாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கண்ணிலும் காற்றின் வேகமும் அமுக்கமும் கணிக்கப்படும். முன்சுவரைத் தாண்டும் காற்று அதன் பின்னே அமுக்கத்தைக் குறைக்க, அடிக்குழாய்கள் வழியே காற்று உள்ளிழுக்கப்பட்டமை தெரிந்தது.

சுவரின் உயரம் பிழைத்தால் வலையும் பிழைக்கும். ஆகவே அலகொலவெவவின் எச்சங்கள் மேலும் சிதையுமுன் துல்லியமாக அளக்கப்படல் வேண்டும்.