மூப்படைந்த விமானத்துக்கு வைத்தியம் விதிப்பவர் யார்?

மெல்லிய கம்பித் துண்டொன்றை ஒருமுறை வளைத்து நிமிர்த்தினால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. பன்முறை அவ்வாறு செய்தால், முன்னறிவிப்பு எதுவுமின்றி அது முறிந்து விடுகின்றது. இதனைப் பொறியியலாளர் உலோகச் சோர்வு என்பர். விமானத்தின் இறக்கையும் காற்றின் குலுக்கத்தாலும் தரைதொடும் அதிர்ச்சியாலும் பறப்புத்தோறும் சிறிது வளைந்து நிமிர்கின்றது. ஆண்டுகள் பல சென்றபின் அதன் உள்ளுரம் எந்நிலையில் உள்ளதென்பதை எவ்வாறு அறிவது? அறியும் செலவை ஏற்பவர் யார்? இவ்வினாக்கள் எழுப்பிய வழக்கொன்றை இன்று நம் வாசகர் முன் வைக்கின்றோம்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிலுள்ள செஸ்னா கம்பனி, இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் சிறு விமானங்களைப் பெருந்தொகையாகச் செய்து விற்றது. வைத்தியர், கமக்காரர், பறப்புப் பயிற்சி நிலையத்தார் எனப் பலரும் அவற்றை வாங்கினர். 1986இல் அத்தகைய சிறு விமானங்களின் உற்பத்தியை நிறுத்திய அக்கம்பனி பத்தாண்டுகளின் பின்னரே அதனை மீண்டும் தொடங்கியது. அதற்கு முன் செய்யப்பட்டவையோ தொடர்ந்து பறந்து கொண்டிருந்தன. அவை அரை நூற்றாண்டுக் காலம் உழைக்குமென அவற்றை வரைந்தவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஆகவே 2011, 2012ஆம் ஆண்டுகளில், தன் நூறு, இருநூறு வரிசைப் பழைய விமானங்களுக்கான மேலதிகப் பரிசோதனை விதிகளைக் கம்பனி வெளியிட்டது. பறந்த மணித்தியாலங்கள், கழிந்த ஆண்டுகள், பயன்படுத்திய விதம், விமானம் நின்ற இடத்தின் ஈரலிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, இறக்கை, வால், சில்லுக் கால்கள் ஆகியவற்றின் மறைவான பகுதிகளைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பை மின்கருவி கொண்டு தேடும்படியும் சில இடங்களுக்கு விதிக்கப்பட்டது.

உரிமையாளர் பலர் இதனை மகிழ்ந்து வரவேற்கவில்லை. பழைய விமானத்தின் பெறுமதியோடு ஒப்பிடுகையில் சோதனைச் செலவு மிகையானது என்றனர். நல்ல நிலையிலுள்ள உறுப்பைக் கழற்றிப் பூட்டுவதாலேயே புதுப் பழுது உண்டாகலாம் என்றனர். வழக்குகளுக்கு அஞ்சும் கம்பனி தன் பொறுப்பை நம் தலையிற் சுமத்துகின்றதோ என ஐயுற்றோரும் உளர். எல்லாவற்றிற்கும் மேலாக, 'ஆபத்து உண்டென்பதற்குச் சான்று எங்கே?' என்று கேட்டனர்.

இக்கேள்வியைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1987இல் ரெக்சாஸ் மாநிலத்து மார்லின் என்னும் ஊரருகே பைப்பர் கம்பனியின் சிறு விமானமொன்றின் இறக்கை வானத்திலே கழன்று வீழ்ந்தது. உடனே அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிருவாகம், அவ்வகை விமானங்களின் இறக்கைகளைக் கழற்றிச் சோதிக்குமாறு கட்டளையிட்டது. நூற்றுக்கணக்கானவற்றைச் சோதித்தும் மிகச் சிலவற்றிலேயே வெடிப்புக் காணப்பட்டது. 1989இல் கட்டளை மீளப்பெறப்பட்டது. வீழ்ந்த விமானமோ எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைக் கண்காணிக்கத் தாழப் பறந்து, குலுக்கத்திலேயே காலம் கழித்த ஒன்றாகும்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2018 ஏப்ரில் 4ஆம் நாள் புளோரிடாவின் டேற்றோனா பீச்சில், அதே பைப்பர் குடும்பத்தைச் சேர்ந்த பயிற்சி விமானமொன்றின் இறக்கை முறிந்து இருவர் மாண்டனர். அவ்விமானம் 2007இல் செய்யப்பட்டது. அதன் வயது பதினொன்றே! ஆனால், பயிற்சி மாணவர் பலரின் கையிற் சிக்கி எண்ணற்ற முறை தரையிறங்கியது அது. 2019 மே 26ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே, நிலவளம் அளக்கத் தாழப் பறந்த செஸ்னா 210 விமானமொன்றின் இறக்கை பிரிந்து அங்கும் இருவர் உயிரிழந்தனர். இரு இறக்கைகளையும் தாங்கும் உத்தரத்தில் அரிப்பினால் ஏற்பட்ட சிறு குழியொன்றிலிருந்து வெடிப்புத் தொடங்கியிருந்தது. 'இதுவரை ஒன்றும் நேரவில்லை' என்பது சான்றாகாது என்பதை இவ்விரு விபத்துக்களும் உணர்த்துகின்றன.

கம்பனி விதித்ததைச் சட்டமாகக் கொள்வதிலும் நாட்டுக்கு நாடு வேற்றுமை உண்டு. அமெரிக்காவில், தனியார் தம் தேவைக்காகப் பறக்கும் விமானத்துக்குக் கம்பனியின் விதி மட்டும் கட்டாயமாகாது. அரசாங்க நிருவாகமே கட்டளையிடல் வேண்டும். அவுஸ்திரேலிய அதிகாரிகளோ செஸ்னாவின் விதிகளைக் கட்டாயமானவை என்றே கொண்டனர். மவுண்ட் ஐசா விபத்தின் பின் அமெரிக்க நிருவாகமும், 2020இல், அவ்வகை விமானங்களின் உத்தரத்தைச் சோதிக்கும்படி கட்டளை பிறப்பித்தது.

இனி, உரிமையாளரின் குரலால் விளைந்த நன்மையையும் சொல்லவேண்டும். டேற்றோனா விபத்தின் பின் வெளியிடப்பட்ட முதல் முன்மொழிவு ஏறத்தாழ 20,000 பைப்பர் விமானங்களைத் தொட்டது. அமெரிக்க வழக்கப்படி அது பொதுமக்களின் கருத்துக்கு விடப்பட்டது. எல்லா விமானங்களும் ஒரே வகையாக உழைக்கவில்லை என உரிமையாளரும் அவர்தம் சங்கத்தாரும் எடுத்துக் காட்டினர். 2021இல் நடைமுறைக்கு வந்த கட்டளை, பயிற்சிக்கும் வாடகைக்கும் கடுமையாக உழைத்த மணித்தியாலங்களை வேறாகவும், சொந்தப் பறப்பின் மணித்தியாலங்களை வேறாகவும் எடைபோட்டது. சோதனைக்குள்ளான விமானங்களின் தொகை பெருமளவு குறைந்தது; உண்மையில் ஆபத்துக்குள்ளானவை மீது கவனம் கூடியது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? விமானத்தின் மூப்பைப் பஞ்சாங்கம் காட்டாது. அது வாழ்ந்த வாழ்வே காட்டும். அதன் எலும்பின் அமைப்பைச் செய்தவர் அறிவர். அது எங்கே நின்றது, எவ்வாறு உழைத்தது என்பதை வைத்திருப்பவர் அறிவர். ஒருவரை ஒருவர் கேளாது எழுதும் விதி வீண்செலவாகவோ வெற்றுக் காகிதமாகவோ முடியும். மறுப்பவர் சான்றுடன் மறுக்கட்டும். விதிப்பவர் காரணம் காட்டி விதிக்கட்டும். இறக்கையின் கீழ் அமர்ந்து பயணம் செய்யும் பிள்ளைக்கு இவ்விருவரது நேர்மையுமே காவலாகும்.