ஆண்டுக்கு ஆறு ஒளிப்பொறிகள்

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் மினுக்க எண்ணி ஒன்று உண்டு. சிண்டிலேஷன் கவுண்டர் என்றால் எல்லார்க்கும் விளங்கும். ஒருநாள் அதில் சீசியம் 137 வைத்துக் காமாக் கதிர்களை எண்ணினேன். சோதனை முடிந்ததும் சீசியத்தைக் காரீயப் பெட்டியில் வைத்து மூடினேன். ஆனால் எண்ணி நிற்கவில்லை! எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

“ஐயா, கருவி பழுதாகிவிட்டது” என்றேன். ஆசிரியர் சிரித்தார். “பழுதில்லை தம்பி. சுவரும் தரையும் வானமும் கதிர் வீசுகின்றன. நீயும்தான் வீசுகிறாய்” என்றார்.

உண்மைதான். மனித உடலில் உள்ள பொட்டாசியம் 40 என்னும் ஐசோடோப்பில் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 4000 அணுக்கள் சிதைகின்றன. இத்தகைய பின்னணி எண்ணிக்கையைக் கழித்துவிட்டு விடையை எழுதினேன். ஆனால் கழித்துத் தப்பிக்க முடியாத சோதனைகளும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் கருவியைக் காண்போம். சில பொருள்களில் கதிரியக்கத் துகள் பாய்ந்தால் அணுக்கள் கிளர்ச்சியுற்று ஒளிப்பொறியை உமிழ்கின்றன. 1903ஆம் ஆண்டு குரூக்ஸ், துத்தநாக சல்பைடுத் திரையில் இப்பொறிகளைக் கண்டார். ரூதர்போர்டின் மாணவர்கள் இருட்டறையில் அமர்ந்து, நுண்ணோக்கி வழியே அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினர். 1944இல் கண்ணின் இடத்தை ஒளிப்பெருக்கிக் குழாய் பிடித்தது. 1947இல் கால்மன் நாஃப்தலீனைப் பயன்படுத்தினார். நம் துணிப்பெட்டியில் கிடக்கும் அந்துருண்டைதான் அது! அடுத்து வந்தன ஒளிரும் திரவங்கள். துகளின் ஆற்றல் மிகுந்தால் பொறியின் ஒளியும் மிகும். ஆகவே எண்ணுவதோடு ஆற்றலையும் அளக்கலாம்.

ஜப்பானில் காமியோகாச் சுரங்கத்தில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், 1000 டன் ஒளிரும் திரவம் நிறைந்த காம்லாண்டு என்னும் கருவி அமைந்தது. அதைச் சுற்றி 1879 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஏன் இவ்வளவு ஆழம்? அண்டக் கதிர்களை மலை தடுத்துவிடும். நம் நாட்டிலும் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, ஒளிரும் பிளாஸ்டிக் கொண்டு 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

காமியோகாவில் தேடியது மிக அரிய சிதைவு ஒன்றை. செனான் 136 அணு, இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு எதிர்நியூட்ரினோக்களையும் உமிழ்ந்து பேரியமாக மாறும். எதிர்நியூட்ரினோ வெளிவராமலே அது நிகழுமா? நிகழ்ந்தால், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்றாகும். 1937இல் மயோரானா எழுப்பிய கருத்து மெய்ப்படும். அண்டத்தில் எதிர்ப்பொருள் மறைந்து பொருள் மட்டும் எஞ்சியது ஏன் என்பதற்கும் வழி பிறக்கலாம்.

அவ்வாறு நிகழ்ந்தால் இரு எலக்ட்ரான்களும் சேர்ந்து எப்போதும் 2.458 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலையே பெற்றிருக்கும். அந்த இடத்தில் பொறிகள் குவிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்காகச் செனானைத் திரவத்திலேயே கரைத்து, 25 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள நைலான் பையில் நிரப்பிக் கருவியின் நடுவே தொங்கவிட்டனர். ஆய்வுப் பொருள் கருவிக்குள்ளேயே கரைந்திருக்கும் விந்தை!

2011இல் சோதனை தொடங்கியது. 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே பொறிகள் குவிந்தன. வெற்றியா? இல்லை. ஆராய்ந்தபோது அது வெள்ளி 110 என்னும் ஐசோடோப்பின் வேலை என்று தெரிந்தது. பை தயாரான செண்டாய் நகரம் புகுஷிமாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அவ்வாண்டு மார்ச்சில் நேர்ந்த அணு உலை விபத்தின் தூசியே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதினர். செனானையும் திரவத்தையும் வெளியேற்றித் தூய்மை செய்தனர். வெள்ளி பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்தது. 2016இல் பொருத்திய புதிய பையில் கசிவு. மீண்டும் புதிதாகச் செய்து, 745 கிலோகிராம் செனானுடன் 2019இல் தொடங்கி 2024 வரை எண்ணினர்.

அரிய சிதைவு அகப்படவில்லை. அதன் அரை ஆயுள் 3.8 × 10²⁶ ஆண்டுகளுக்கு மேல் என்று மட்டும் அறிவித்தனர். அண்டத்தின் வயதோ 1.38 × 10¹⁰ ஆண்டுகளே! பின் எப்படி அளந்தனர்? நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 745 கிலோகிராம் செனானில் ஏறத்தாழ 3.3 × 10²⁷ அணுக்கள். அவற்றை 0.693 ஆல் பெருக்கி, அரை ஆயுளால் வகுத்தால் விடை 6. அத்தனை அணுக்களிலும் ஆண்டுக்கு மிஞ்சிப்போனால் ஆறே பொறிகள்!

என் உடலில் நொடிக்கு 4000. அங்கே ஆண்டுக்கு ஆறு. ஒளியைக் காண்பது இன்று கடினமன்று. வேண்டாத ஒளியை ஒவ்வொன்றாக நீக்கி இருளைத் தூய்மை செய்வதே கடினம். பின்னணி எண்ணிக்கையைக் கழித்துவிட்டு மறந்துபோன நான், இப்போது செய்முறைக் குறிப்பேட்டில் அதை முதல் வரியிலேயே எழுதுகிறேன்.