தொட்டி யாருடையது?

கடந்த குளிர்காலத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மகள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நான் வகுப்பில் சொன்ன பாடம் ஒன்றை அந்த வீட்டின் பின்புறம் நின்ற இரும்புத் தொட்டி எனக்கே திருப்பிச் சொல்லும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பனிப்புயல் தொடங்கியது. இரவில் மின்சாரம் நின்றது. வீட்டின் முதன்மைச் சூடேற்றி எண்ணெயில் இயங்குவது. அதன் பம்பு சுழல மின்சாரம் வேண்டும். எஞ்சியிருந்தது கூடத்தில் உள்ள எரிவாயுக் கணப்பு மட்டுமே. அதில் எப்போதும் ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கும். வால்வைத் திறக்கத் தேவையான மிகச் சிறிய மின்னோட்டம் அந்தச் சுடரின் வெப்பத்திலிருந்தே பிறப்பதால், ஊரே இருளில் மூழ்கினாலும் கணப்பு எரியும். மகள், மருமகன், எட்டு மாதப் பேத்தி, நான் என நால்வரும் அதன் முன் படுக்கை விரித்துக்கொண்டோம்.

மருமகன் கைவிளக்குடன் வெளியே போய்த் தொட்டியின் அளவுகாட்டியைப் பார்த்து வந்தார். "பத்து விழுக்காடுதான் இருக்கிறது, மாமா" என்றார்.

கணக்கு எளிது. அது 120 கேலன் தொட்டி. பத்து விழுக்காடு என்றால் 12 கேலன். ஒரு கேலன் புரொப்பேன் ஏறத்தாழ 91,500 பிடியு வெப்பம் தரும். கணப்பு மணிக்கு 30,000 பிடியு எரிப்பது. ஆக ஒரு கேலன் மூன்று மணி நேரம். மொத்தம் 36 மணி நேரம். நம் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் சமைக்க உதவும் 14.2 கிலோ உருளை, அந்தக் கணப்புக்கு முழுதாக ஒரு நாள்கூடத் தாங்காது. குளிர்காய்வது எவ்வளவு செலவுமிக்க வேலை என்பது வெப்ப நாட்டில் பிறந்த நமக்கு எளிதில் விளங்குவதில்லை.

சனிக்கிழமை காலை, தொட்டியில் பெயர் பொறித்திருந்த நிறுவனத்தை மகள் தொலைபேசியில் அழைத்தாள். வீடு வாங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தொட்டி முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே அங்கு நின்றது. தானாக நிரப்பும் பட்டியலில் அவள் பெயர் இல்லை, அழைத்தால் வரும் பட்டியலில்தான் இருக்கிறது, முதல் பட்டியலுக்கே முன்னுரிமை, செவ்வாய்க்கிழமைதான் வண்டி வரும் என்றார்கள். அந்த ஊரில் இன்னொரு நிறுவனமும் உண்டு. அதன் வண்டி அன்று எங்கள் தெருவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அழைத்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "தொட்டி யாருடையது?" பதிலைச் சொன்னதும், மன்னிக்கவும் என்று முடித்துவிட்டார்கள்.

அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் விற்பனை நிறுவனத்துக்குச் சொந்தமானவை; நுகர்வோர் வாடகைக்கோ இலவசமாகவோ வைத்துக்கொள்கிறார். உரிமையாளரின் ஒப்புதல் இன்றிப் பிறர் அதை நிரப்பக் கூடாது. பல மாநிலங்களில் இதற்குச் சட்டமே உண்டு. பாதுகாப்பு சார்ந்த நியாயமும் இதில் இருக்கிறது. தொட்டி, வால்வு, அழுத்தச் சீராக்கி ஆகியவற்றைப் பராமரித்தவர் யார் என்று தெரியாமல் நிரப்பினால், விபத்து நேரும்போது பொறுப்பு யாருடையது? ஆனால், அதே விதி நுகர்வோரை ஒரே விற்பனையாளரிடம் கட்டிப்போடவும் செய்கிறது.

கொல்லையில் இறைச்சி வாட்டும் அடுப்புக்கென ஒரு 20 பவுண்டு உருளை கிடந்தது. அதைக் கணப்பில் இணைக்கலாமா என்று மருமகன் யோசித்தார். வேண்டாம் என்று தடுத்தேன். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். அத்தகைய உருளையை வீட்டுக்குள் வைப்பதே அங்கு விதிமீறல். வெளியே வைத்து இணைப்பதும் பயனற்றது. திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் உருளையின் சுவர் வழியே வெளிக்காற்றிலிருந்து வர வேண்டும். கடுங்குளிரில் சிறிய உருளையால் கணப்பின் பசிக்கு ஈடுகொடுக்க இயலாது. புரொப்பேன் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி செல்சியஸில் என்பதால்தான் வெர்மான்ட் குளிரிலும் அது வாயுவாகிறது. நம் உருளையில் கணிசமாகக் கலந்திருக்கும் பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டியே கொதிப்பது. அங்கே அது திரவமாகவே படுத்துக் கிடக்கும்.

ஞாயிறு விடியலில் கணப்பு அணைந்தது. மகள் பேத்தியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, விறகடுப்பு வைத்திருந்த அண்டை வீட்டாரிடம் போனாள், நாங்களும் பின்தொடர்ந்தோம். அன்று மாலை மின்சாரம் வந்தது. செவ்வாயன்று வண்டியும் வந்தது. ரசீதில் வாயுவின் விலையோடு இன்னொரு கட்டணமும் இருந்தது. தொட்டி முற்றிலும் தீர்ந்துவிட்டால், கசிவுச் சோதனை செய்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும். சரியான விதிதான். ஆனால் தீர்ந்துபோகக் காரணமான தாமதம் யாருடையது என்ற பத்தி ரசீதில் இல்லை.

ஆலிவர் வில்லியம்சன் 2009-இல் நோபல் பரிசு பெற்றது இத்தகைய உறவுகளை ஆராய்ந்ததற்காகத்தான். ஒப்பந்தத்துக்கு முன் பல விற்பனையாளர்கள் நம்மிடம் போட்டியிடுகிறார்கள். ஒருவரது சாதனம் நம் மண்ணில் ஊன்றப்பட்டு, குழாய் பதிக்கப்பட்டதும் போட்டி மறைந்து, எதிரே ஒருவரே நிற்கிறார். இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பனியில் கால் புதைய நின்று பார்த்தபோதுதான் அதன் எடை தெரிந்தது.

விலையில் இது எப்படி வெளிப்படுகிறது? அமெரிக்காவில் புரொப்பேன் சில்லறை விலைக்கு அரசு வரம்பு கிடையாது. ஆண்டு முழுவதும் வீட்டையே சூடேற்றுபவருக்கு ஒரு விலை. கணப்புக்கு மட்டும் வாங்குபவருக்கு அதைவிட மிகுந்த விலை. இந்த வேறுபாடு முழுவதையும் சுரண்டல் என்று சொல்ல மாட்டேன். 50 கேலன் இறக்கவும் 300 கேலன் இறக்கவும் அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே பனிச்சாலை. ஆனால் எவ்வளவு செலவால் வந்தது, எவ்வளவு நம்மால் விலக முடியாததால் வந்தது என்பதை ரசீது பிரித்துக் காட்டாது. போட்டி நிறுவனத்திடம் விலை கேட்க முடிந்தவருக்கே அது தெரியவரும்.

சிறிய உருளைகளின் சந்தையிலும் கவனம் தேவை. 20 பவுண்டு உருளை எனப் பெயர் பெற்றது, கடையில் மாற்றி வாங்கும்போது 20 பவுண்டு வாயுவோடு வருவதில்லை. புளூ ரைனோ, அமெரிகாஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்கள் 2008-இல் நிரப்பும் அளவை 17 பவுண்டிலிருந்து 15 ஆகக் குறைத்தன, விலையைக் குறைக்கவில்லை. வால்மார்ட் நிறுவனத்தை இதற்கு இணங்கச் செய்ய இரண்டும் கூடிச் செயல்பட்டதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014-இல் குற்றம் சாட்டியது. பின்னர் அது உடன்பாட்டில் முடிந்தது. காலி உருளையைக் கொண்டுபோய் எடை போட்டு நிரப்பும் இடங்களில், நிரம்பிய வாயுவுக்கு மட்டுமே பணம் தருகிறோம்.

நம் ஊரிலும் உருளை நம்முடையதன்று. வைப்புத்தொகை கட்டிய நாம் அதைப் பயன்படுத்துகிறோம், அவ்வளவே. 1980-களில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் எரிவாயு இணைப்புக்குப் பதிவுசெய்துவிட்டு நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கூப்பன் பெற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். இன்று மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் ஒரே நகரில் ஒரே விலைக்கு விற்கின்றன. முகவரோ நிறுவனமோ பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளும் வசதி 2014-இல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. உருளை கொண்டுவருபவருக்குத் தனியே தரும் தொகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததே. எனினும், கலன் பிறருடையதாக இருந்தும் நுகர்வோர் விலக முடிகிறது என்பது சிறிய செய்தியன்று.

அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் இப்போது பலர். வீட்டின் பின்புறம் தொட்டி நின்றால், அது விற்பவருடையதா, நிறுவனத்துடையதா என்று பத்திரம் முடியும் முன்பே கேட்டுவிட வேண்டும். வாடகை எவ்வளவு, ஆண்டுக்குக் குறைந்தது இவ்வளவு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, விலகினால் தொட்டியை எடுத்துச்செல்லக் கட்டணமா, அதில் மிஞ்சிய வாயுவுக்குப் பணம் திரும்புமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கணப்பின் பயன்பாட்டை வானிலையைக் கொண்டு கணிக்க இயலாது. ஆகவே நிறுவனத்தின் கணிப்பை நம்பாமல், முப்பது விழுக்காட்டைத் தொட்டதும் அழைப்பது நல்லது. நிரப்பும்போது எண்பதுக்கு மேல் போகாது. வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் விட வேண்டும். விலையைக் கோடையிலேயே நிர்ணயித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. 2013-14 குளிர்காலத்தில், மத்திய மேற்கு மாநிலங்களில் ஈரமான மக்காச்சோளத்தை உலர்த்தவே புரொப்பேன் பெருமளவு செலவாகி, பின்னாலேயே கடுங்குளிரும் வந்தபோது, விலை கேலனுக்கு நான்கு டாலரைத் தாண்டியது.

சொந்தத் தொட்டி வாங்குவது இன்னொரு வழி. முதலீடும் பராமரிப்பும் நம் தலையில் விழும். எந்த நிறுவனமும் முதலில் சோதித்த பிறகே நிரப்பும். மகளின் ரசீதுகளை வைத்துக் கணக்கிட்டேன். விலைக் குறைவினால் அந்த முதலீடு திரும்ப ஐந்து குளிர்காலங்கள் ஆகும் என்று வந்தது. லாபகரமான முதலீடு என்று வகுப்பில் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். "அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேருங்கள், அப்பா" என்றாள் மகள்.

ஏப்ரலில் பழைய தொட்டி போனது. மீத வாயுவின் பணத்தைக் குறித்த நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று வெர்மான்ட் சட்டம் சொல்வதால், காசோலை வந்து சேர்ந்தது. புதிய தொட்டியைச் சன்னல்களிலிருந்து உரிய தூரம் தள்ளி, கற்பலகை மேல் நிறுத்தினார்கள். நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று மகளின் குறுஞ்செய்தி வந்தது: இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டிருக்கிறாள், தொட்டியில் 62 விழுக்காடு இருக்கிறது.