கடைக்குப் பின்னாலுள்ள குழி: நாற்றத்திற்கு யார் விலை கொடுப்பது?

வியாபாரத்தைப் பற்றிப் பேசும் இந்தப் பகுதியில் கழிவுநீரைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் ஹோட்டல், கோழிக்கடை, இறைச்சிக்கடை, பேக்கரி, வாகனம் கழுவும் நிலையம், தோல் சேகரிப்பு என்று எமது சகோதரர்கள் ஈடுபட்டிருக்கும் தொழில்களில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் ஒரு குழி இருக்கிறது. முன்பக்கத்துக்கு டைல்ஸ் பதித்து, கண்ணாடிக் கதவு போட்டு, பெயர்ப்பலகைக்கு வெளிச்சம் கொடுக்கும் நாம், அந்தக் குழிக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவோம்.

பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் வந்து சந்திக்கும் ஹாலிஎல போன்ற ஊரில் சமதரை என்பது அபூர்வம். மேலே ஒரு கடை, அதன் கீழே ஒரு வீடு, அதற்கும் கீழே கிணறு, கடைசியில் பதுளு ஓயா. எல்ல பக்கம் உல்லாசப் பயணிகளின் வருகை பெருகியதும் வழிநெடுகச் சாப்பாட்டுக் கடைகளும் தங்குமிடங்களும் முளைத்தன. நகரக் கழிவுநீரைக் குழாய்வழியே எடுத்துச் செல்லும் வசதி இந்நாட்டில் கொழும்பு போன்ற ஒருசில இடங்களுக்கே உண்டு. மலையகச் சிறு நகரங்களில் அவரவர் குழிதான் அவரவர் சுத்திகரிப்பு நிலையம். நிரம்பினால் பவுசர் வரவேண்டும். வராவிட்டால் மழை வரும்போது கான் வழியே போகும். இதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

கழிவுநீர் என்றதும் நாம் நீரைத்தான் நினைக்கிறோம். அதன் மேலே நிற்கும் காற்றை நினைப்பதில்லை. இரத்தம், கொழுப்பு, உணவுக்கழிவு போன்றவை காற்றோட்டமில்லாத தொட்டியில் தேங்கி அழுகும்போது ஐதரசன் சல்பைட் என்ற வாயு உண்டாகிறது. கூழ்முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். காற்றின் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே எமது மூக்கு இதைக் கண்டுகொள்ளும். ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கு என்ற அளவை அது எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகிறது. "இப்போது நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம்" என்று ஒரு தொழிலாளி நினைக்கும் அந்தக் கணம்தான் ஆபத்தானது. 500ஐத் தாண்டினால் ஆள் மயங்கி விழுவதற்கு அதிக நேரம் எடுக்காது. காற்றைவிடப் பாரமானது என்பதால் குழியின் அடியிலேயே தங்கி நிற்கும்.

தொட்டியில் வேறு வாயு இருந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். 2018 ஏப்ரல் 19ஆம் திகதி ஹொரணை, பெல்லப்பிட்டியவிலுள்ள இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியா இருந்த தொட்டிக்குள் தொழிலாளி ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஓடி வந்தவர்களும் வாயுவுக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஐந்து பேர் உயிரிழந்தனர். இறப்பர்ப் பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பது வழக்கம். எமது ஊவாவின் மொனராகலைப் பக்கத்தில் இறப்பர் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இது நன்கு தெரிந்த விடயம். ஒருவர் விழ, அவருக்காக அடுத்தவர் இறங்க, இருவருக்காக மூன்றாமவர் இறங்கும் இந்த வரிசை உலகில் எங்கு கழிவுத்தொட்டி விபத்து நடந்தாலும் திரும்பத் திரும்பக் காணப்படுவதாகும். நல்ல மனமுள்ளவர்களே இதில் பலியாகிறார்கள்.

தோல் வியாபாரத்தில் உள்ளவர்கள் தமிழ்நாட்டின் பழைய வேலூர் மாவட்டத்தைக் கட்டாயம் அறிந்திருப்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பெரும்பாலும் முஸ்லிம் வர்த்தகர்களால் வளர்க்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. அதே ஊர்களில் பாலாற்றின் கரையோரக் கிணறுகள் கெட்டுப்போயின. சுமார் 35,000 ஹெக்டேயர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாக நீதிமன்றத்தில் ஆய்வறிக்கை வைக்கப்பட்டது. 1996 ஓகஸ்ட் 28ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபா அபராதம். அபராதம் சிறிது. ஆனால் சுத்திகரிப்பு வசதி இல்லாதவை மூடப்படும் என்ற நிபந்தனை பெரிது.

தனியொருவரால் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்ற நிலையில்தான் பல முதலாளிமார் கூட்டுச்சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் முறை அங்கு பரவியது. பங்குபோட்டுச் செலவழிப்பது எமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. எனினும் கூட்டு முயற்சியில் ஒரு பலவீனம் உண்டு. எல்லோருக்கும் சொந்தமானதை யாரும் கவனிக்கமாட்டார்கள். 2015 ஜனவரி 31ஆம் திகதி அதிகாலை இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு சேமித்த தொட்டியின் சுவர் இடிந்தது. நச்சுச் சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் பாய்ந்து அங்கு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களை மூடியது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

வழக்கும் அத்தோடு ஓயவில்லை. 2001இல் வேலூரில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபா நட்டஈடு மதிப்பிடப்பட்டது. 2025 ஜனவரி 30ஆம் திகதி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, அரசு முதலில் நட்டஈட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் அறவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. வாப்பா தோண்டிய குழிக்குப் பேரன் கணக்குச் சொல்லவேண்டிய நிலை என்று இதை நான் பார்க்கிறேன்.

சரி, குற்றவாளி தனியார் முதலாளியாக இல்லாமல் நகரசபையாகவே இருந்தால்? அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இதுதான் நடந்தது. அந்நகருக்குச் சொந்தமான ஹைப்பீரியன் சுத்திகரிப்பு நிலையத்தில் 2021 ஜூலை 11ஆம் திகதி குப்பைகூளங்கள் வந்து வடிகட்டிகளை அடைத்துக்கொள்ள, நிலையத்திற்குள்ளேயே வெள்ளம் ஏறியது. ஒரு கோடி கலனுக்கும் அதிகமான சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கடலுக்குள் விடப்பட்டது. இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்த அடுத்த வாரங்களில் பக்கத்து ஊரான எல் செகுண்டோவில் மக்கள் ஜன்னல் திறக்க முடியாமல் தவித்தார்கள். கலிபோர்னியாவில் ஐதரசன் சல்பைட்டுக்கு மணித்தியாலச் சராசரியாக நூறு கோடிக்கு 30 பங்கு என்ற எல்லை உண்டு. அது மீறப்பட்டது. காற்றின் தரத்தைக் கண்காணிக்கும் பிராந்திய அதிகார அமைப்பு நகரத்துக்கு எதிராகவே மீறல் அறிவித்தல்களை அடுத்தடுத்து விடுத்தது. பின்னர் திருத்த வேலைகளையும் வாயு அளவீட்டையும் கட்டாயமாக்கும் உத்தரவையும் பிறப்பித்தது. நகர நிர்வாகம் குளிரூட்டிகளுக்கும், வீட்டை விட்டு ஹோட்டலில் தங்கியவர்களின் செலவுக்கும் பணம் கொடுத்தது. நாற்றத்துக்கு ரசீது எழுதிப் பணம் வாங்கலாம் என்பது எமக்குப் புதிய செய்திதான்.

இலங்கையின் நிலை என்ன? 2008 ஓகஸ்டில் வர்த்தமானியில் வெளியான சுற்றுப்புறக் காற்றின் தரப் பட்டியலில் தூசு, கந்தகவீரொட்சைட்டு, ஓசோன் முதலியன இருக்கின்றன. ஐதரசன் சல்பைட் இல்லை. ஆகவே தப்பித்துக்கொண்டோம் என்று நினைக்கவேண்டாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கட்டாயம். சிறிய தொழில்கள் பலவற்றுக்கு அதை வழங்குவது உள்ளூராட்சி சபைகளே. அதைவிட வேகமானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. பொதுத்தொல்லை என்று அயலவர் முறையிட்டால், தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். வாயுமானி தேவையில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் அயலவரின் சாட்சியமுமே நீதிமன்றத்தில் பேசும். மாசுபடுத்துபவரே விலை கொடுக்கவேண்டும் என்ற கொள்கையும் கடல் கடந்து வந்துவிட்டது. சுன்னாகம் நிலத்தடி நீர் மாசடைந்த வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி எமது உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு விதித்தது.

எனக்குத் தெரிந்த கோழிக்கடைக்காரர் ஒருவர், "இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு நானா, எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டார். பெரிய கம்பனிக்கு வக்கீல் இருக்கிறார், காப்புறுதி இருக்கிறது, மூன்று மாதம் மூடிக்கிடந்தாலும் தாங்கும். ஹாலிஎலயில் வாடகைக் கடையில் கோழி அறுத்து விற்பவருக்கு இரண்டு வாரம் கடை பூட்டினால் வாடிக்கையாளர் பதுளைக்குப் போய்விடுவார். ஆகவே பயப்படவேண்டியவர் அவர்தான்.

செய்யக்கூடியவை பெரிய செலவுமல்ல. 'கிரீஸ் ட்ராப்' என்று மேசன்மார் சொல்லும் சிறு தொட்டியொன்றைச் சமையலறைக்கும் குழிக்கும் இடையில் கட்டினால் கொழுப்பு அங்கேயே மிதந்து நிற்கும். அதை வாரந்தோறும் அள்ளவேண்டும், அள்ளாவிட்டால் அதுவே நாறும். இரத்தத்தையும் குடலையும் கழிவுநீரோடு விடாமல் தனி வாளியில் சேர்த்தால் குழியின் சுமை பெருமளவு குறையும். இறுக்கமான மூடி, கூரைக்கு மேலே உயரும் காற்றுக்குழாய், நிரம்புவதற்கு முன்பே பவுசரை அழைக்கும் பழக்கம் ஆகியவையும் வேண்டும். பக்கத்தில் நான்கைந்து கடைகள் இருந்தால் பவுசர் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் பொறுப்பாக ஒருவரின் பெயரை எழுதிவைக்க வேண்டும், இராணிப்பேட்டையை மறக்கக்கூடாது.

குழி அடைத்துக்கொண்டால் தோட்டத்திலிருந்து கூலிக்கு வரும் பையனொருவனைக் கயிறு கட்டி இறக்கும் வழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. இந்தியாவில் சாக்கடைக்குள் இறங்கி மாண்டவரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபா கொடுக்கவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஒக்டோபரில் அதை முப்பது இலட்சமாக்கியது. ஒரு பவுசருக்கான கூலியை மிச்சம்பிடிக்க நினைக்கும் முதலாளி, கயிற்றை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.