கடனை முதலில் எண்ணிப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடன் சேகரிப்பவர் வருவார். ஒன்பது மணிக்கே அந்தத் தாய் நான்கு வீடுகளில் கைமாற்றுக் கேட்டுவிட்டார். கிடைக்காவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அவருக்காகக் கட்ட வேண்டும். அதன் பிறகு கிணற்றடியில் யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாது.

இந்தத் தாய்க்குப் பெயர் தேவையில்லை. வன்னியின் எந்தக் கிராமத்திலும் இவரைச் சந்திக்கலாம். 2009 இல் போர் முடிந்தபின் வெறுங்கையோடு மீளக்குடியேறிய மக்களிடம் நுண்கடன் கம்பனிகள் வந்து சேர்ந்தன. பின்னர் வரட்சி வந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. ஆகவே கடன்பட்டவர்கள் எல்லோரும் ஊதாரிகள் என்று சொல்வது அநியாயம். ஆனால் கடன் எப்படி வந்திருந்தாலும், அதிலிருந்து வெளியேறும் வழி ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. அது கணக்கு.

ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் மேசன் வேலைக்குப் போகிறார். மனைவி கோழி வளர்க்கிறார். "எவ்வளவு கடன் இருக்கிறது?" என்று கேட்டால் "ஒரு லட்சம் வரும்" என்கிறார்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து எழுதினால் தெரிவது இதுதான்:

முதலாவது குழுக் கடனில் மீதி 31,000 ரூபா. கிழமைக்கு 1,192 ரூபா வீதம் இன்னும் 26 கிழமைகள்.
இரண்டாவது குழுக் கடனில் மீதி 24,000 ரூபா. கிழமைக்கு 800 ரூபா வீதம் 30 கிழமைகள்.
ஊரில் ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு வாங்கியது 40,000 ரூபா.
வங்கியில் சங்கிலி அடகு 60,000 ரூபா.
கடைக் கொப்பியில் 8,500 ரூபா.
தங்கையிடம் கைமாற்று 10,000 ரூபா.

மொத்தம் 173,500 ரூபா. இரண்டாவது குழுக் கடன் கணவருக்குத் தெரியாது. ஐந்து வட்டிக் கடன் மனைவிக்குத் தெரியாது. அடகு வைத்த சங்கிலியை இருவருமே கடனாக எண்ணவில்லை. அன்று அந்த வீட்டில் சண்டை வரலாம். வரட்டும். ஒருவருக்கொருவர் மறைத்த கடன்தான் அடுத்த கடனைப் பெறுகிறது. அந்த ஒரு நாள் சண்டையோடு மறைப்பு முடிந்தால் அது நல்லதே.

வட்டியின் உண்மையான பாரம்

"ஐந்து வட்டி" என்றால் நூறு ரூபாவுக்கு மாதம் ஐந்து ரூபா, அதாவது வருடத்துக்கு 60 வீதம். 40,000 ரூபாவுக்கு மாதம் 2,000 ரூபா. பதினான்கு மாதங்கள் ஒழுங்காகக் கட்டினால் 28,000 ரூபா போய்விடும். ஆனால் முதல் 40,000 ரூபா அப்படியே நிற்கும். கட்டியது வட்டி மாத்திரமே.

குழுக் கடனில் கணக்கு இன்னும் மறைவானது. 50,000 ரூபா கடன், 24 வீத வட்டி, 52 கிழமைத் தவணை என்கிறார்கள். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபா. கிழமைக்கு 1,192 ரூபா. கேட்பதற்கு 24 வீதம்தான். ஆனால் அந்த 50,000 ரூபா முழு வருடமும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டுகிறீர்கள். ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். ஆயினும் வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. மீதித் தொகைக்கு மாத்திரம் வட்டி என்ற முறையில் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 44 வீத வட்டி.

ஆகவே கடன் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வீதம்?" என்பதல்ல. "வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா? எல்லாமாக எவ்வளவு கட்டி முடிக்க வேண்டும்?" என்பதே. பதில் தெளிவில்லாமல் வந்தால் கையொப்பம் வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கடனால் கடனை அடைக்காதீர்கள்

இந்தக் குடும்பம் இரண்டாவது குழுக் கடனை ஏன் எடுத்தது? முதலாவதன் தவணையைக் கட்டத்தான். ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இன்னொரு ஓட்டை போடுவதற்கு இது ஒப்பானது. புதிய கடன் இல்லை என்ற முடிவை இருவரும் சேர்ந்து எடுக்காவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. வட்டி கூடிய கடனை முற்றாக முடித்துவிடக்கூடிய, வட்டி மிகக் குறைந்த கடன் கிடைக்குமானால் எடுக்கலாம். ஆனால் பழைய கடன் அன்றே முடிய வேண்டும். இரண்டும் கூடவே ஓடக்கூடாது.

எதை முதலில் அடைப்பது?

அதிகம் சத்தம் போடுபவருக்கு முதலில் கட்டுவதே எமது வழக்கம். அது தவறு. மற்றக் கடன்களின் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, வட்டி கூடிய கடனை முதலில் முடிக்க வேண்டும். இங்கே அது ஐந்து வட்டிக் கடன்.

40,000 ரூபாவுக்கு எங்கே போவது? அடகிலுள்ள சங்கிலியைப் பாருங்கள். தங்கத்தின் விலை ஏறியிருப்பதால், நம்பிக்கையான ஒருவரின் உதவியுடன் அதை மீட்டு விற்றால், அடகுக் கடனும் அதன் வட்டியும் போக 40,000 ரூபாவுக்குக் குறையாமல் மிஞ்ச இடமுண்டு. தாயாருடைய சங்கிலியை விற்பது நெஞ்சுக்குக் கடினம்தான். ஆனால் வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பிக்கும் நகை கழுத்திலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. ஒரு முறை தவறினால் ஏலத்துக்கும் போய்விடும்.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். இரண்டு கடன்கள் முடிந்துவிட்டன. மீதி 73,500 ரூபா. மாதம் வட்டிக்குப் போன 2,000 ரூபா கையில் நிற்கிறது. அதைக் கடைக் கொப்பிக்கும் பின்னர் தங்கைக்கும் கட்டினால் ஏழு மாதத்தில் 14,000 ரூபா குறையும். இருபத்தாறு கிழமைகளில் முதலாவது குழுக் கடன் முடிகிறது. அடுத்த நான்கு கிழமைகளும் அந்த 1,192 ரூபாவைத் தங்கைக்குக் கொடுத்தால் அவருடைய கடனும் தீரும். முப்பதாவது கிழமையில் இரண்டாவது குழுக் கடன் முடியும்போது அந்தத் தாளில் எல்லா வரிகளும் வெட்டப்பட்டிருக்கும்.

நோயோ வெள்ளமோ வந்தால் ஏழு மாதம் பத்து மாதமாகலாம். அப்படியானால் தவணை தவறுவதற்கு முன்னரே கடன் கொடுத்தவரிடம் போய்க் கால அவகாசம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடன்பட்டவரைத் திட்டவோ இரவில் வீட்டில் வந்து குந்தியிருக்கவோ எவருக்கும் உரிமையில்லை. அப்படி நடந்தால் கிராம அலுவலரிடமும் மாதர் சங்கத்திடமும் சொல்லுங்கள். பயமுறுத்தினால் பொலிசுக்குப் போங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் என்றால் அவ்வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் முறையிடலாம்.

செலவுக் கொப்பி

ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். பத்து ரூபா என்றாலும் எழுதுங்கள். யாரையும் குற்றம் பிடிக்க அல்ல, பணம் எங்கே போகிறது என்று அறிய. மாத முடிவில் பிஸ்கட், ரீலோட், வெற்றிலை, சாராயம் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு கிழமைத் தவணை அதற்குள் இருப்பது தெரியவரும். மேசன் வேலை குறையும் மாரி மாதங்களுக்கு, வேலை நிறைய உள்ள மாதங்களிலேயே ஒதுக்கி வையுங்கள். மகளின் சாமத்திய வீட்டுக்குப் பந்தலும் வீடியோவும் கடனில் வேண்டுமா என்பதையும் கொப்பியைப் பார்த்தே முடிவெடுங்கள்.

சிறிது சேமியுங்கள், சேர்ந்து சேமியுங்கள்

"கடன் முடியட்டும், பிறகு சேமிப்போம்" என்பார்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் 3,000 ரூபாவுக்கு மறுபடியும் ஐந்து வட்டிக்காரரிடம்தான் போக வேண்டிவரும். ஆகவே கடன் இருக்கும்போதே கிழமைக்கு 100 ரூபாவாவது சேருங்கள். வருடத்தில் 5,200 ரூபா. பெரிய தொகை அல்ல. ஆனால் ஒரு காய்ச்சலுக்குப் போதும்.

இதைத் தனியாகச் செய்வது கடினம். இலங்கையில் 1906 இல் கண்டிப் பகுதியில் முதலாவது கடனுதவிச் சங்கம் தோன்றியதும், 1911 இல் கூட்டுறவுக்கெனச் சட்டம் வந்ததும் கிராமத்தவர்களை வட்டிக்காரரிடமிருந்து மீட்கவே. 1978 முதல் சனச இயக்கம் அதற்குப் புத்துயிர் கொடுத்தது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பது அங்கத்தவர்களின் சொந்தச் சேமிப்பு. நீங்கள் கட்டும் வட்டியின் பலன் உங்கள் சங்கத்திலேயே நிற்கிறது. நுண்கடன் குழுவிலும் அயலவர்கள்தான் கூடுகிறார்கள். ஆனால் அங்கே ஒருவரை ஒருவர் கடன் சேகரிப்பவராக மாற்றிவிடுகிறார்கள். சங்கத்திலோ ஒருவருக்கு ஒருவர் துணையாகலாம். உங்கள் கிராமத்துச் சங்கம் தூங்கிக் கிடந்தால் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்பது அங்கத்தவரின் உரிமை.

இன்றிரவு பிள்ளைகள் உறங்கியபின் கணவனும் மனைவியுமாக ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக வந்தாலும் பயப்படாதீர்கள். எண்ணாமல் இருந்த கடனைவிட எண்ணிய கடன் சிறியது.

குழுவில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் என்ன என்ன வட்டிக்குப் பணம் கொடுக்கப்படுகிறது? வருடக் கணக்கில் அது எத்தனை வீதம்?
2. கடன் கூட்டத்தில் ஒரு பெண் அவமானப்படுத்தப்படும்போது நாம் என்ன செய்கிறோம்?
3. பத்துக் குடும்பங்கள் கிழமைக்கு 100 ரூபா சேமித்தால் ஒரு வருடத்தில் எவ்வளவு சேரும்? அதை யார், எப்படிப் பாதுகாப்பது?