பாட்டு வந்த பாதை – 12: வள்ளியம்மா பேராண்டி

ஒரு இசைக்குழுவில் பாடிப் பெயர் வாங்கியவர் தனி ஆல்பம் போடுகிறார் என்றால் ரசிகர் மனசு இரண்டு பக்கமும் இழுக்கும். அந்தக் குரலை முழுசாகக் கேட்கப்போகிறோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். குழு உடைந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். பிரிட்டனில் இது பழைய கதை. பீட்டில்ஸ் இருந்தவரை ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு இசைத்தட்டில் ஒன்றிரண்டு பாட்டுக்குத்தான் பெரும்பாலும் இடம் கிடைத்தது. குழு கலைந்த 1970-லேயே மூன்று தட்டுகள் கொண்ட தனி ஆல்பத்தை அவர் கொண்டுவந்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதில் வந்து கொட்டியது. ஒன் டைரக்‌ஷனிலிருந்து 2015 மார்ச் 25 அன்று விலகிய ஜெயின் மாலிக், மறு வருஷம் அதே தேதியில் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டுப் பட்டியலிலும் அது முதலிடத்துக்குப் போனது. விட்டுப் போகிறாரே என்று அழுத ரசிகர்கள் அவரை விட்டுப் போகவில்லை.

நம்மூரில் இதற்கு நிகராகச் சொல்ல என்னிடம் ஒரே பெயர்தான் இருக்கிறது: அறிவு. அரக்கோணத்துக்காரர், முழுப்பெயர் அறிவரசு கலைநேசன்.

இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானா, ராப், ராக் என்று வெவ்வேறு வழியில் வந்த 19 பேர். அயோத்திதாசர் பண்டிதரின் சிந்தனையிலிருந்து குழுவுக்குப் பெயர். அந்தக் கூட்டத்துக்குள் ராப் பாடிய ஒல்லியான இளைஞர் அறிவை அன்றைக்கே பலர் தனியாகக் கவனித்துவிட்டார்கள். 2019-ல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம் வந்தது. அதன்பிறகு சினிமாவும் அவரைத் தேடியது.

சென்னைக்குத் தெற்கே படூரில் ஓ.எம்.ஆர். சாலை ஓரமாக சாயங்காலம் நடந்தால் இந்தப் பாட்டுகளின் ரசிகர்களைப் பார்க்கலாம். சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அரக்கோணம், திருத்தணி, செய்யாறு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கல்லூரி கல்ச்சுரலுக்காக ஒரு காலி மனையில் பறை பழகிக்கொண்டிருந்த பையன்களை ஒருநாள் நின்று பார்த்தேன். பழைய பேப்பரைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டி, விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சுதி பார்த்தார்கள். நீளமாக, மெலிசாக இருக்கிற சிண்டுக்குச்சி இடது கையில், கட்டையான அடிக்குச்சி வலது கையில். அடி சரியாக விழுந்ததும் ஒருவன் அறிவின் வரிகளை மூச்சு விடாமல் பாட ஆரம்பித்தான். எழுத்து மாறாமல் பாடினான்.

அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணே, அவரு எங்க ஆயா பேசுற மாதிரி பாடுறாருண்ணே” என்றான்.

அந்தப் பையன் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பாப் உலகத்தில் தனி ஆல்பம் என்றால் ‘நான்’. என் காதல், என் தனிமை, என் விடுதலை. அறிவின் தனிப்பாட்டில் வருகிறவரோ வள்ளியம்மாள், அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தார்கள். யாரையும் கேட்டுச் செய்த முடிவல்ல அது. கப்பலில் ராமேஸ்வரம், ரயிலில் மண்டபம் முகாம், அங்கிருந்து திசைக்கொன்றாகக் குடும்பங்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு அரைப்பக்கம் கிடைத்தால் அதிகம். அந்த வாழ்க்கையின் வலியைப் பேரன் ஒரு துள்ளலான பாட்டுக்குள் வைத்தார். 2021 மார்ச்சில், பாடகி தீயுடன் அவர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவில் தொடங்கிய ‘மாஜா’ தளத்தில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. குழந்தைகள்கூட ஆடினார்கள்.

பாட்டு ஊரெல்லாம் பரவ, அதை எழுதியவர் பெயர் பின்னால் போனது. அந்த வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகுதான் அறிவுக்கென்று தனி டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட். ஆட்டமெல்லாம் இதே ஓ.எம்.ஆர். போய் முடிகிற பூஞ்சேரியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. தீயுடன் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு மேடையில் இல்லை. அந்தப் பாட்டில் தன் உழைப்பு என்ன என்பதை அவர் சில நாளில் பொதுவெளியில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2024-ல் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று வீடியோவில் பேசினார்.

அதே 2024-ல் வந்தது அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’. இதை நான் வெறும் பாட்டுத் தொகுப்பாகக் கேட்கவில்லை. ஆல்பத்தின் தலைப்பிலேயே பாட்டி பெயர் இருக்கிறது, பாடுகிறவர் தன்னைப் பேரன் என்று அறிவிக்கிறார். இனி எந்த மேடையிலும் எந்த அட்டையிலும் அந்தப் பெயரை வெட்டிவிட்டு இந்தப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு போக முடியாது. தனியாக வந்ததால் அவர் கூட்டத்தை விட்டு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. கூட வருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். படூர்ப் பையனின் ஆயாவும் அதில் ஒருத்தி.

இந்த இடத்தில் அந்தப் பையன்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆனது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாலும் அது செல்லாது. ராயல்டியை வசூலித்துப் பங்கிடும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடலாசிரியர்கள் உறுப்பினராகலாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு செய்தால், யூடியூபில் ஏற்றுவதற்கு முந்தைய நாளே வரி யாருடையது, மெட்டு யாருடையது, பறை அடித்தது யார் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடாது. இதை எழுதாமல் விட்ட பல குழுக்களில்தான் நட்பு கெட்டிருக்கிறது.

அடுத்த வாரம்: அதே 19 பேரில் ஒருவராக நின்று கானா பாடி, 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணி.