உழைப்பவன் மூச்சுக்கு யார் பொறுப்பு?

வடலூரிலிருந்து நெய்வேலிக்கும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் மாலையில் நலமாய் வீடு திரும்புவது எதைப் பொறுத்தது என்று சிந்தித்திருக்கிறீர்களா?

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் பின்னரே, 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1987 இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. ஆலையில் கையாளப்படும் நஞ்சு எது, அதனால் விளையும் கேடு என்ன என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. காற்றில் கலக்கும் வாயுவுக்கும் அளவு விதிக்கப்பட்டது. குளோரினுக்கு அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே.

ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றே ஆறு பேர் மாண்டனர். அதே நிலையத்தில் அவ்வாண்டு மே மாதத்திலும் ஒரு கொதிகலன் வெடித்திருந்தது. 2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி ஆலை விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். புகையால் பலர் மூச்சுத் திணறினர்.

இந்நிலையில்தான் பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கிய புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சிக்கலான விதிகள் எளிமையாகின்றன, இலவச மருத்துவப் பரிசோதனை கிடைக்கிறது என்கிறது மத்திய அரசு. மின்விசையால் இயங்கும் ஆலை என்பதற்கான வரம்பு பத்துத் தொழிலாளரிலிருந்து இருபதாகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான வரம்பு இருபதிலிருந்து ஐம்பதாகவும் உயர்ந்ததால் சிறு பட்டறைகளின் ஏழைகள் பாதுகாப்பை இழப்பர் என்கின்றன தொழிற்சங்கங்கள். ஆபத்தான தொழிலென அரசு அறிவித்தால் ஒரே தொழிலாளி இருப்பினும் சட்டம் பொருந்தும் என்பது அரசின் மறுமொழி. அவ்வறிவிப்பு வரும்வரை அவ்வேழையின் நிலை என்ன என்பதே நம் கேள்வி.

எளிமை நல்லதே. ஆனால் நச்சுவாயு ஆட்களை எண்ணிப் பார்த்துத் தாக்குவதில்லை. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதென நம்பித் தொட்டிக்குள் இறங்குபவனும், அவனைக் காக்க இறங்குபவனும் ஒருங்கே மடிகின்றனர். ஈரத்துணி இதற்குக் காப்பாகாது.

ஆகவே, சகோதரிகளே! உங்கள் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள்: அங்கே என்ன வாயு உள்ளது? கவசம் தரப்படுகிறதா? தப்பும் வழி எது? வளைகுடாவில் பணிபுரிவோரிடமும் இதையே கேளுங்கள். வேலை தருபவரிடம் ஒப்படைக்கப்படும் உயிர் ஓர் அமானிதம். அதைப் பேணுவது சலுகையன்று, கடமை.